எந்தக் கம்ப்யூட்டரிலும் எழும்பும்

உப்பளம், புதுச்சேரி
5 ஜனவரி 2025

பாசமுள்ள தம்பி தேவதாசுக்கு, அக்கா ஞானமேரி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் பிள்ளை செல்வகுமாரும் மருமகள் ஜாஸ்லினும் சுகம். உனக்கு மடத்தில் சோறு போடுகிறார்களா, இல்லை சாமி படத்தைக் காட்டிப் பசியை அடக்குகிறார்களா? நாற்பத்து மூன்று வயதில் சாரம் கடைத்தெருவில் வைத்திருந்த கம்ப்யூட்டர் கடையைப் பூட்டிவிட்டு மலை ஏறிவிட்டாய். பெண் கிடைக்காமல்தான் சந்நியாசம் போனான் என்று தெருவில் பேச்சு. நானும் மறுத்துப் பேசவில்லை.

உங்கள் மடத்தில் போன் கிடையாது, கிறிஸ்துமசுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் கடிதமும் கிடையாது என்பதால் இந்தச் சேதி பழசாகிவிட்டது. புயல் மழையில் கூடத்தில் முழங்கால் தண்ணீர். எம்பிராய்டரி மெஷினைக் கட்டில் மேல் ஏற்றினோம், பிழைத்தது. கம்ப்யூட்டர் முழுகிச் செத்தது. என் டிசைன் எல்லாம் அதற்குள். நீ காப்பி எடுத்துக் கொடுத்த கறுப்பு ஹார்ட் டிஸ்க் மட்டும் அரிசி டிரம்மில் இருந்ததால் நனையவில்லை.

குருசுக்குப்பத்துப் படகுக்காரர்கள் கெபிக்குள் நிற்கும் மாதா சுரூபத்துக்குப் புது அங்கி கேட்டிருக்கிறார்கள். மங்கள வார்த்தைத் திருநாளுக்கு, மார்ச் 25க்கு வேண்டும். எப்போதும் போடும் அதே லில்லிப்பூக் கரைதான் வேண்டுமாம். என்ன செய்யலாம், சொல்.

ஜாஸ்லினுக்குக் கணக்குக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே பார்க்கிறாள். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பை சுரூபம் மாதிரி துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். "அத்தே, இது ஆபீசோடது. தூசிகூடத் தட்டாதீங்க" என்கிறாள். மெழுகுவத்தி ஏற்றலாமா என்று கேட்டேன். முறைத்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா.

*

மடம்
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு தேவதாஸ் எழுதுவது. நான் சுகம். கஞ்சியும் பயறும் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது?

கவலையே வேண்டாம். உங்கள் டிசைன் மென்பொருள் பழைய காலத்துக் கம்ப்யூட்டரில்தான் ஓடும். அதனால் ஒரு பழைய கம்ப்யூட்டரை முழுசாக ஒரு கோப்பாக மாற்றி அந்த டிஸ்க்குக்குள் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். அது எந்தக் கம்ப்யூட்டரிலும் எழும்பும். டிஸ்க்கைச் செருகி, ஆன் செய்ததும் F12 பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்து, வரும் பட்டியலில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். திரையையும் பட்டனையும்தான் அது இரவல் வாங்கும். அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எதையும் தொடாது. கடை நடத்திய பதினைந்து வருடத்தில் நான் செய்ததிலேயே இதுதான் எனக்குப் பெருமை. (பெருமை கூடாது என்று இங்கே சொல்லித்தருகிறார்கள். இன்னும் அந்தப் பாடம் முடியவில்லை.)

ஜெபத்துடன்,
தேவதாஸ்.

*

உப்பளம்
9 பிப்ரவரி 2025

தம்பி முசியே அவர்களுக்கு, அக்கா எழுதுவது. மூட்டு வலி அப்படியே இருக்கிறது, உன் கஞ்சியை நினைத்துக்கொண்டால் குறைந்த மாதிரி தெரிகிறது.

உன் பெருமையைக் கொண்டுபோய்க் கடலில் போடு. புதுசாக ஒரு கம்ப்யூட்டர் கைக்குக் கிடைத்தது. நேற்று ஜாஸ்லின் சாரத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், செல்வகுமாருக்கு ஷிப்ட். வீடு அமைதியாக இருந்ததால் நிதானமாக நீ சொன்னபடியே செய்தேன். டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்ததும் சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. நான் அஞ்சாவதோடு நின்றவள், ஆனாலும் எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டேன்: செக்யூர் பூட் வயலேஷன். அதற்கு மேல் ஒரு அடி நகரவில்லை. டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்தேன், கம்ப்யூட்டர் பழையபடி நன்றாகவே வந்தது.

எந்தக் கம்ப்யூட்டரிலும் எழும்பும் என்றாயே, உன்னை மாதிரியே இதுவும் சந்நியாசம் வாங்கிவிட்டதா? படகுக்காரர்கள் தினமும் கேட்கிறார்கள். சீக்கிரம் பதில் போடு. காலையில் குளிரும், போர்வையைச் சோம்பல்படாமல் போர்த்திக்கொள்.

அக்கா.

*

மடம்
25 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு, சுகம். போர்வை இரண்டு கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் ஒரு காவல் உண்டு. ஆன் செய்ததும் எழுந்து வருகிறவனைப் பார்த்து "உன் மேல் யார் கையெழுத்து?" என்று கேட்கும். பெரிய கம்பெனிகளின் கையெழுத்து இருந்தால் விடும். என் டிஸ்க்கை நானே கோத்தேன், அதில் யார் கையெழுத்தும் இல்லை. நான் செய்த காலத்தில் என் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர் எதுவும் இப்படிக் கேட்டதில்லை. வைரஸ் மாதிரி கெட்ட மென்பொருள் நுழையாமல் இருக்க நல்லதுதான். ஆனால் எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்று நான் நினைத்தது அங்கேயே நின்றுபோகிறது.

பரவாயில்லை, ஐந்து நிமிட வேலை. ஆன் செய்ததும் F2 தட்டுங்கள். Boot என்ற பக்கம். அதில் Secure Boot என்ற வரி. Enabled என்று இருக்கும். அதை Disabled ஆக்கி F10 தட்டுங்கள். எழுத்துகளைப் பெரிதாக வரைந்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த புதன் சாம்பல் புதன். தவக்காலம் முழுவதும் எங்களுக்குக் கடிதம் தரமாட்டார்கள், எழுதவும் முடியாது. வருகிற கடிதங்களைத் தலைவர் மேசையில் கட்டிவைத்து பாஸ்காவுக்குப் பிறகு தருவார்கள். அதுவரை ஜெபத்தில் சந்திப்போம்.

தேவதாஸ்.

*

உப்பளம்
11 மார்ச் 2025

தம்பிக்கு, சுகம். இதை நீ பாஸ்கா முடிந்துதான் படிப்பாய் என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை உன் டிஸ்க் எழும்பிவிட்டது! நீ வரைந்த எழுத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டு மாற்றினேன். பழைய திரை, அதே பச்சைப் புல் மேடு, என் லில்லிப்பூ எல்லாம் அப்படியே வந்தது. டிசைனைப் பென் டிரைவில் ஏற்றி மெஷினில் போட்டேன். கரை பாதி முடிந்தது. நீ ஊரில் இருந்திருந்தால் உன் தலையில் ஒரு குட்டு வைத்து ஒரு பிரியாணியும் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

ஒரு சின்னச் சந்தேகம், அவசரம் ஒன்றுமில்லை. டிஸ்க்கைப் பிடுங்கிய பிறகு அந்தக் கம்ப்யூட்டரே நீலமாக ஒரு பக்கத்தைக் காட்டி, நீளமாக ஒரு எண்ணைக் கேட்டால் என்ன செய்வது? பக்கத்து வீட்டில் கேட்டார்கள். எண் எங்கே இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மூடி, பழையபடி துணியைப் போட்டு வைத்துவிட்டார்களாம்.

உன் முட்டியைப் பார்த்துக்கொள், ரொம்ப நேரம் முழங்காலில் நிற்காதே.
அக்கா.

*

உப்பளம்
30 மார்ச் 2025

தம்பிக்கு, இங்கே சுகம் என்றுதான் எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

அங்கி நன்றாக அமைந்தது. 25ஆம் தேதி மாதாவுக்குச் சாத்தினார்கள். "மேரிக்கா கையே கை" என்று படகுக்காரப் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். எனக்குத் தலை வலித்தது, பாதியில் வந்துவிட்டேன்.

ஜாஸ்லினுக்கு ஆபீசில் சின்னத் தகராறு. அவள் லேப்டாப் ஒரு திங்கட்கிழமை திறக்கவில்லை. ஆபீசில் எண் வாங்கித் திறந்தாள். ஆனால் யாரோ கையால் உள்ளே போய்ப் பூட்டை எடுத்திருக்கிறார்கள் என்று ஆபீசில் கண்டுபிடித்து, லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கம்பெனி கணக்கெல்லாம் அதில் இருக்கிறதாம், வெளி ஆளிடம் கொடுத்தாளா என்று கேட்கிறார்கள். செல்வகுமார் பிடித்துக்கொண்டான்.

"நீதான் எதையாவது அமுக்கிருப்ப."

"நா எதுவும் பண்லங்க."

"அப்ப பேயா வந்து பண்ணிச்சி?"

அன்றைக்கு ஜாஸ்லின் போனில் ஆபீஸ்காரரிடம் சொன்னாள்: "வீட்ல எங்க அத்தை மட்டும்தான் சார் இருந்தாங்க. அவங்களுக்கு அத ஆன் பண்ணக்கூடத் தெரியாது." நான் அடுப்பங்கரையில் மீன் அலசிக்கொண்டிருந்தேன். ஆமாண்டி, எனக்கு மிக்சி ஆன் செய்யவே பயம் என்று சொல்லிச் சிரிக்க வேண்டிய இடம் அது. மீனைத் திரும்ப ஒருமுறை அலசினேன்.

வேறு விசேஷமில்லை.
அக்கா.

*

உப்பளம்
13 ஏப்ரல் 2025, குருத்து ஞாயிறு

தம்பிக்கு. குருத்தோலை உனக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

விசாரணை முடிகிற வரை ஜாஸ்லினுக்கு வேலை இல்லை, சம்பளமும் இல்லை. நிரந்தரம் செய்ய மாட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்களாம். செல்வகுமார் வாயை அடக்காமல் ஏதோ சொல்ல, அவள் பையைத் தூக்கிக்கொண்டு சாரத்துக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் வந்து, "அத்தே, மாத்திரைய மறக்காம போடுங்க" என்றாள். தலையை ஆட்டினேன்.

பாஸ்கா பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர், மூன்று பேர், ஒருத்தர். அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேன் என்று பின்னால் நின்றவளிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை.

மூன்று கடிதத்தையும் சேர்த்துத்தான் படிப்பாய். அதை யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

அக்கா.

*

மடம்
22 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு, உயிர்ப்பு வாழ்த்து. நேற்று உங்கள் மூன்று கடிதத்தையும் ஒரே கட்டாகக் கொடுத்தார்கள். ஒன்றன் பின் ஒன்றாகப் படித்தேன். பிறகு கோயிலுக்குள் போனேன், ஜெபிக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டில் யாருக்கும் லேப்டாப்பைத் துணி போட்டு மூடும் பழக்கம் இல்லை, அக்கா.

உங்களைக் கேள்வி கேட்க எனக்கு வாயில்லை. அது யாருடையது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க்கைப் பூட்டியிருப்பார்கள், அந்தக் காவலை எடுத்தால் அந்தப் பூட்டு சந்தேகப்பட்டு எண் கேட்கும். இது எனக்குத் தெரியும். பத்துப் பேருக்கு நானே சரிசெய்து கொடுத்திருக்கிறேன். என் டிஸ்க் எழும்ப வேண்டும் என்ற ஒன்றைத் தவிர அப்போது வேறு எதுவும் எனக்கு நினைவில்லை. எதையும் தொடாது என்று வேறு எழுதினேன். படிக்கப் படிக்க முகம் எரிகிறது.

அதை மறுபடி Enabled ஆக்கியிருந்தால் எண் இல்லாமலே பெரும்பாலும் தானாகத் திறந்திருக்கும். ஒரு வரி. நான் அனுப்பியதில் அது இல்லை, நீங்கள் கேட்டபோது உங்கள் கடிதம் மேசையில் கட்டிக் கிடந்தது.

ஜாஸ்லினிடம் சொல்லுங்கள். சாமியாரிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம்.

தேவதாஸ்.

*

உப்பளம்
4 மே 2025

தம்பிக்கு. ஆமாம், அவளுடையதுதான். தொடாதே என்று சொல்லியிருந்தாள். உன் டிஸ்க் எதையும் தொடாது என்று நீ எழுதியதைச் சாக்காக எடுத்துக்கொண்டேன். பழி உன் மேல் போட இதை எழுதவில்லை. கேட்டால் மாட்டேன் என்பாள், அவளைத்தான் நான் தினமும் கிண்டல் செய்கிறேனே, அவளிடம் போய் எப்படிக் கேட்பது என்று இருந்தது.

சாரத்துக்குப் போனேன். செல்வகுமாரையும் கூட்டிப்போனேன். அவள் அம்மா காப்பி கொடுத்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"ஜாஸ்லினு, பூட்ட எடுத்தது நாந்தான்."

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க ரெண்டு பேரையும் சேத்து வெக்க நீங்க பழிய ஏத்துக்க வேணாம் அத்தே."

"இல்லடி, நெசமாதான் சொல்றன்."

செல்வகுமார் சிரித்தான். "யம்மா, நீ டிவி ரிமோட்டயே தலகீழா புடிப்ப. நீ போயி பயாஸ்குள்ள செட்டிங்க மாத்துனியா? சும்மா இரும்மா."

தம்பி, இவ்வளவு நாள் யாரும் என்னைக் கேட்காததற்குக் காரணம் இதுதான். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நானே ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். இப்போது வெளியே வரப் பார்த்தால் விடமாட்டேன் என்கிறார்கள். போதாததற்கு என்னை நல்லவள் என்று கையைப் பிடித்து அழுகிறாள். அதைவிட அவள் செருப்பால் அடித்திருக்கலாம்.

என்ன செய்யட்டும்?
அக்கா.

*

மடம்
14 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு. வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்றால் கையால் காட்டுங்கள். அவளுடைய ஆபீசுக்கே போய், அந்த லேப்டாப்பைக் கேளுங்கள். இந்த முறை கேட்டு வாங்குங்கள். முன்பு செய்தபடியே செய்யுங்கள், நீலப் பக்கம் வரட்டும், அப்புறம் அதே வரியை Enabled ஆக்குங்கள். முதலில் எண் அவர்களிடம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். என் கடிதங்களையும் எடுத்துப் போங்கள். என் பெயரைச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.

அந்த டிஸ்க்கை இனி அடுத்தவர் கம்ப்யூட்டரில் செருக வேண்டாம். சொந்தமாக ஒன்று வாங்கினால், நம் கையெழுத்தையே அதன் காவலிடம் பதிந்துவைக்க வழி இருக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன். இப்போது அது முக்கியமில்லை.

தேவதாஸ்.

*

உப்பளம்
26 மே 2025

தம்பிக்கு. உடம்புக்கு ஒன்றுமில்லை.

போனேன். ஜாஸ்லினும் செல்வகுமாரும் கூட வந்தார்கள், கிழவி என்ன கூத்து அடிக்கப்போகிறாளோ என்று. சக்கரபாணி என்று ஒருத்தர், அங்கே மேனேஜர். செல்வகுமார் வயதுதான் இருக்கும். எழுந்து நின்று நாற்காலி போட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவரும் நம்பவில்லை, ஆனாலும் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு லேப்டாப்பை என் முன்னால் வைத்தார்.

F2. Boot பக்கம். அந்த வரி. உன் தாள் தேவைப்படவில்லை, எழுத்தெல்லாம் கண்ணிலேயே இருந்தது. எடுத்தேன். நீலப் பக்கம் வந்தது. செல்வகுமார்தான், "யம்மா" என்றான், மெதுவாக. திரும்பப் போய்ப் பூட்டைப் போட்டேன். நீலம் வரவில்லை. ஜாஸ்லின் பேர் போட்டு ஒரு பக்கம் தானாக வந்து நின்றது.

ஜாஸ்லின் அந்தப் பேரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

மேனேஜர் உன் கடிதங்களைப் படித்தார். அவள் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார். வேலை திரும்பக் கொடுத்தார்கள், ஆனால் லேப்டாப் வீட்டுக்கு இல்லை, தினமும் ஆபீசுக்கு வந்துதான் பார்க்க வேண்டும். நிரந்தரம் ஆகிறது இன்னும் ஆறு மாதம் தள்ளி. வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போது ஜாஸ்லின் கேட்டாள்.

"அன்னைக்கி நா போன்ல பேசறப்ப அடுப்பங்கரைலதான இருந்தீங்க?"

"ஆமா."

"கேட்டீங்க இல்ல?"

"கேட்டேன்."

பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள். வீட்டுக்கு வந்திருக்கிறாள். பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டேன். சாமியார் சுலபமாகத்தான் விட்டார்.

அக்கா.

*

உப்பளம்
15 ஜூன் 2025

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, ஜாஸ்லின் எழுதுகிறேன். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தை உங்களுக்கு எழுதுவதை நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்ததால் நான் எழுதுகிறேன். அவர்களுக்கு மூட்டு வலி அதிகம், வேறு ஒன்றுமில்லை.

எனக்குக் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். லேப்டாப்பைத் தொட்டது பெரிதில்லை. கேட்டிருந்தால் நானே ஆபீசில் பேசி ஏதாவது ஏற்பாடு செய்திருப்பேன். ஒரு மாதம் இவர் என்னைத் திட்டியதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்களே, அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை, மாமா. அத்தை யாரையும் கிண்டல் செய்வதில்லை. மீன்காரம்மா வந்து வம்புக்கு இழுத்தாலும் விலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். நான் ஆபீசுக்குப் புறப்படும்போது எனக்கு முன்னால் எழுந்து டிபன் கட்டி வாசலில் வைக்கிறார்கள். நேற்று குழம்பில் உப்பு அள்ளிப் போட்டுவிட்டேன். முன்பு என்றால் உப்பளத்துக்கு மருமகளாக வந்ததை இப்படியா காட்டுவாய் என்று தெருவே கேட்கச் சொல்லியிருப்பார்கள். நேற்று ஒரு வார்த்தை சொல்லாமல் தட்டு முழுக்கச் சாப்பிட்டார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து என்னை வாடி போடி என்றுதான் கூப்பிட்டார்கள். இப்போது "வாம்மா, சாப்புடும்மா, உக்காரும்மா" என்கிறார்கள். நீங்கள் எழுதினால் கேட்பார்கள். கோபம் எப்போது போகுமோ எனக்குத் தெரியாது, அது என் பாடு. இந்த மரியாதையை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், மாமா.

உங்கள் மருமகள்,
ஜாஸ்லின்.